மன்னர் கல்லறையில் உருளைக்கிழங்கு

பெர்லினை அடுத்த போட்ஸ்டாம் நகரின் சான்சூசி அரண்மனைத் தோட்டத்தில், பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் சமாதி தரையோடு தரையாகப் பதித்த ஒரு கற்பலகைதான். 1786ல் இறந்தவர். தான் வளர்த்த நாய்களுக்குப் பக்கத்திலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று அவர் சொல்லிவைத்த ஆசை 1991 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. பார்க்க வருகிறவர்கள் அந்தக் கல்லின் மேல் பூவோடு உருளைக்கிழங்கையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜெர்மானியர்களுக்கு உருளையைத் தின்னக் கற்றுக்கொடுத்தவர் இவரே என்ற நம்பிக்கைக்குச் செலுத்தும் காணிக்கை அது. அதற்கு ஒரு கதையும் உண்டு. குடியானவர்கள் கிழங்கைத் தொட மறுத்தார்களாம். மன்னர் தன் உருளை வயலைச் சுற்றிக் காவல் போட்டாராம். இவ்வளவு காவல் என்றால் ஏதோ விலைமதிப்புள்ள பொருள்தான் என்று நினைத்து இரவில் திருடிப்போய்த் தங்கள் கொல்லையில் நட்டார்களாம். இதே கதையைப் பாரிஸில் மருந்தாளர் பார்மான்த்தியேவின் பெயரில் சொல்கிறார்கள். கிரேக்கத்தில் அந்நாட்டின் முதல் ஆட்சித்தலைவர் கபோடிஸ்ட்ரியாஸின் பெயரில் சொல்கிறார்கள். ஒரே சம்பவம் மூன்று நாட்டில் மூன்று தலைவர்களுக்கு நடந்தால் அது நடந்த கதையாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஊர் ஊராக நடமாடும் கதையாகத்தான் இருக்கும். ஜெர்மனியின் உருளைக்காக யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால், போட்ஸ்டாமுக்கு வரும் நன்றியில் பெரும்பகுதி முகவரி தப்பி வந்தது என்பது என் கட்சி. அந்தக் கிழங்கைப் பரப்பியது கட்டளை அல்ல, நிலமும் வரியும் போரும் சேர்ந்து போட்ட ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் விவசாயிகள். கடைசியில் அதன் லாபத்தை எடுத்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். 1588ல் வியன்னாவில் இருந்த தாவரவியலாளர் குளூசியஸுக்கு, இன்றைய பெல்ஜியத்தின் மோன்ஸ் நகர ஆளுநரிடமிருந்து இரண்டு கிழங்குகள் வந்தன. 1596ல் பாசல் நகரின் காஸ்பார் போஹின் அதற்கு சொலானம் டியூபரோசம் என்று பெயரிட்டார். இன்றும் தாவரவியலில் அந்தப் பெயர்தான். அறிஞர்களின் தோட்டத்தில் அது பூவுக்காக வளர்ந்த புதுமைச் செடி. ஜெர்மன் மொழி அதற்குக் கொடுத்த கார்டோஃபல் என்ற பெயர், மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் காளானைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. (தமிழ் அதன் உருட்சியைப் பார்த்துப் பெயர் வைத்தது, அவர்கள் அது மண்ணுக்குள் ஒளிந்துகொள்வதைப் பார்த்தார்கள்.) இவையெல்லாம் அறிஞர்களின் வரலாறு. வயலின் வரலாறு வேறிடத்தில் தொடங்குகிறது. பவேரியாவின் வடகிழக்கு மூலையில், பொஹீமிய எல்லையை ஒட்டி, ரேஹாவ் ஊருக்கு அருகே பில்கிராம்ஸ்ராய்ட் என்ற கிராமம் இருக்கிறது. முப்பதாண்டுப் போர் முடியும் தறுவாயில், 1647 வாக்கில், அங்கே ஹான்ஸ் ரோக்லர் என்ற குடியானவர் எல்லைக்கு அப்பாலிருந்து கிழங்கு கொண்டுவந்து பயிரிட்டார். இது நமக்குத் தெரிவது எந்த அறிஞரும் எழுதிவைத்ததால் அல்ல. ஐம்பது ஆண்டு கழித்து, 1690களில், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் தசமபாகம் உருளைக்கும் உண்டா என்று அங்கே வழக்கு வந்தது. அதில் பதிவான சாட்சியங்களால்தான் கிழங்கு வந்த கதையும் பதிவானது. வரி கேட்டு வழக்குப் போகும் அளவுக்கு ஒரு பயிர் விளைந்திருக்கிறது என்றால், அது கொல்லைப்புற வேடிக்கை இல்லை. அதே காலத்தில் பக்கத்து ஃபோக்ட்லாண்ட் மலைப்பகுதியிலும் உருளை ஊன்றியது. 1701ல், மதத் துன்புறுத்தலால் இத்தாலியின் பியட்மான்ட் பள்ளத்தாக்குகளை விட்டு வந்து வூர்ட்டம்பெர்க்கில் குடியேறிய வால்டென்சியர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் சொந்த ஊர்க் கிழங்கையும் கொண்டுவந்தார்கள். பிரெடெரிக் பிறந்தது 1712ல். அவர் பெயரில் பேசப்படும் உருளைக் கட்டளை 1756ல். தெற்கிலும் மேற்கிலும் கிழங்கு கொப்பரையில் வேகத் தொடங்கி இரண்டு மூன்று தலைமுறை ஆன பிறகு வந்த கட்டளை அது.

அப்படியானால் மற்ற இடங்களில் ஏன் தயங்கினார்கள்? வழக்கமான பதில், குடியானவனின் மூடநம்பிக்கை. விவிலியத்தில் பெயர் இல்லாத பயிர், தொழுநோய் தரும், பன்றித் தீனி என்றெல்லாம் பயந்தார்களாம். அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பயிரை மறுப்பதற்கு அதைவிடக் கனமான காரணங்கள் வயலிலேயே கிடந்தன. ஒன்று, கிழங்கே அன்று சரியான கிழங்கு இல்லை. ஆண்டிஸ் மலையின் உருளை, பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் இடத்துச் செடி. வட ஐரோப்பாவின் நீண்ட கோடைப் பகலில் அது இலையும் தண்டுமாக மதமதவென்று வளரும். பகல் குறுகும் இலையுதிர் காலம் வந்த பிறகுதான் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்குள் உறைபனி இறங்கிவிடும். பழைய தாவரத் தொகுப்புகளில் காய்ந்து கிடக்கும் இலைகளின் மரபணுவை அண்மையில் ஆராய்ந்தவர்கள், 1650 முதல் 1750 வரையான ஐரோப்பிய உருளை ஆண்டிஸ் இனங்களுக்கே நெருங்கியது என்றும், சிலியின் நீண்ட பகலுக்குப் பழகிய இனங்களின் கலப்பு பிறகே வந்தது என்றும் காட்டியிருக்கிறார்கள். ஆக, 1740ல் உருளையை நம்பாத பொமரேனியக் குடியானவனை முட்டாள் என்று சொல்ல முடியாது. அவன் கையில் கொடுத்த விதைக்கிழங்கு அவன் ஊருக்கு ஏற்றதாக இல்லை.

இரண்டாவது காரணம் ஊர் நிலத்தின் ஒழுங்கு. ஜெர்மானியக் கிராமங்கள் பலவற்றில் விளைநிலம் மூன்று பெரும் வயலாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் குளிர்காலத் தானியம், ஒன்றில் கோடைத் தானியம், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு சுற்றி வரும். ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் நீள நீளமான பட்டை. வேலி கிடையாது. எல்லாரும் ஒரே நாளில் உழ வேண்டும், ஒரே நாளில் அறுக்க வேண்டும். அறுத்த மறுநாள் ஊர் மந்தை முழுவதும் தாளில் மேயும். இந்த ஏற்பாட்டில் ஒருவன் மட்டும் தன் பட்டையில் உருளை நட்டால் என்ன ஆகும்? ஆகஸ்டில் அறுப்பு முடிந்து மாடு இறங்கும்போது அவன் கிழங்கு இன்னும் மண்ணுக்குள் இருக்கும். அக்டோபர் வரை அவன் ஒருவனுக்காக ஊர் மாடு காத்திருக்காது. தரிசில் நடலாமென்றால் அங்கே ஆட்டுக்கிடை போடும் உரிமை பண்ணையாருக்கு. மூன்றாவது காரணம் தசமபாகம்: தோட்டத்தில் இருக்கும்வரை அதிகம் கேள்வி வராத கிழங்கு, வயலுக்கு வந்ததும் வழக்குக்கு வந்துவிடுகிறது. பில்கிராம்ஸ்ராய்டே அதற்குச் சாட்சி. உருளை முதலில் வீட்டுக் கொல்லையிலும், மலைச்சரிவிலும், பொது ஒழுங்கு தளர்ந்த எல்லைப்புறங்களிலும் பரவியது இதனால்தான். அந்த வரைபடத்தைப் பார்த்தால் தெரிவது குடியானவனின் சட்ட அறிவு.

இப்போது அந்தக் கட்டளைக்கு வருவோம். 1756 மார்ச் 24 தேதியிட்ட சுற்றறிக்கை அது, ஆஸ்திரியாவிடமிருந்து பிரெடெரிக் பறித்த சைலீசியா மாநிலத்து அதிகாரிகளுக்கு எழுதியது. கிழங்கின் பயனை மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும், காலி இடம் எங்கிருந்தாலும் நடவைக்க வேண்டும், அறிவுரை சொன்னதோடு நிற்காமல் மே மாதத் தொடக்கத்தில் குதிரை வீரர்களை அனுப்பி நட்டார்களா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். காகிதத்தில் மிக உறுதியான கட்டளைதான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஏழாண்டுப் போர் வெடித்தது. நட்டதைச் சரிபார்க்க வேண்டிய குதிரை வீரர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. இதுபோன்ற அரச ஏற்பாடுகள் எப்படி வேலை செய்தன என்பதற்கு, இந்தச் சுற்றறிக்கைக்கு முன்பே நடந்த ஒரு நெருங்கிய காட்சி கிடைக்கிறது. பொமரேனியாவின் கோல்பெர்க் துறைமுகத்துக்காரரான யோவாகிம் நெட்டல்பெக் முதிய வயதில் எழுதிய தன்வரலாற்றில், தான் சிறுவனாக இருந்தபோது பஞ்சத்தை ஒட்டி மன்னர் அனுப்பிய வண்டி நிறைய உருளை ஊர்ச் சந்தைக்கு வந்ததைச் சொல்கிறார். தமுக்கடித்துத் தோட்டக்காரர்களை வரவழைத்தார்கள். நடுவதும் சமைப்பதும் எப்படி என்று நகரசபையார் உரக்க வாசித்தார்கள். கூட்டம் அதைக் காதில் வாங்கவில்லை. கிழங்கைக் கையில் எடுத்து முகர்ந்தது, நக்கிப் பார்த்தது, பச்சையாகக் கடித்தது, நாய்க்குப் போட்டது. நாயும் முகர்ந்துவிட்டு விலகியது. நட்டவர்களிலும் சிலர் ஒவ்வொன்றாக அங்கங்கே புதைத்துவிட்டு மறந்தார்கள். சிலர் குவியலாகக் கொட்டி மேலே மண்ணைப் போட்டு மூடினார்கள். மறு ஆண்டு அரசு கிழங்கோடு ஒரு ஆளையும் அனுப்பியது. அவர் உருளை ஏற்கெனவே பழகிப்போன ஸ்வாபியா பக்கத்துக்காரர். கூட நின்று நடவும் பராமரிக்கவும் அவர் காட்டிக்கொடுத்த பிறகே பயிர் பிடித்தது. கட்டளையால் முடியாததை ஒரு தென்பகுதிக்காரரின் கைப்பழக்கம் முடித்துவைத்தது. கண் உள்ள துண்டாக வெட்டுவது, இடைவெளி விட்டு வரிசையில் ஊன்றுவது, செடி ஒரு சாண் வளர்ந்ததும் இரு பக்கமும் மண் அணைப்பது ஆகியவற்றைத் தமுக்கடித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அந்த ஆளை அனுப்பியதும் அரசுதானே? இலவச விதைக்கிழங்கு, பஞ்சகால வண்டி, பாலட்டினேட் பகுதியிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய விவசாயிகள் எல்லாம் பிரெடெரிக்கின் ஏற்பாடுதானே? ஆமாம். கிழக்கு மாநிலங்களுக்குக் கிழங்கு போய்ச் சேர்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. அதை மறுத்தால் நானும் எதிர்ப்பக்கம் நின்று ஒரு கட்டுக்கதை சொன்னவனாவேன். ஆனால் போய்ச் சேர்வது வேறு, பரவுவது வேறு. அவர் இறந்தபோதும், அதற்குப் பிறகு 1800ஐ ஒட்டியும்கூட, பிரஷ்ய உழுநிலத்தில் உருளையின் பங்கு சிறியதுதான். 46 ஆண்டு ஆண்டவரின் கட்டளையால் ஆகாத பாய்ச்சல் அடுத்த 50 ஆண்டில் நடந்தது. அந்த இடைவெளிக்கு விளக்கம் தேட வேண்டும்.

ஒரு விளக்கம் போரும் பஞ்சமும். அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1999ல் எழுதிய ஒரு கட்டுரையில் அதை வலுவாக முன்வைத்தார். அக்காலப் படைகள் போகிற வழியில் ஊரைச் சுரண்டித் தின்றன. களஞ்சியத்துத் தானியத்தை ஒரே மணி நேரத்தில் வண்டியில் ஏற்றிவிடலாம். அதை இழந்த குடும்பம் குளிர்காலத்தில் பட்டினி கிடந்து சாகும். உருளையோ மண்ணுக்குள் கிடக்கிறது. அதை எடுக்கச் சிப்பாய் மண்வெட்டி பிடித்துத் தோண்ட வேண்டும். கையருகே தானியம் இருக்கும்போது எவன் தோண்டுவான்? படைகள் அடிக்கடி கடந்த பாதைகளில் உருளை பரவியது இதனால் என்பது அவர் வாதம். மன்னர் பரப்பினார் என்பதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு என்று கிண்டலாகச் சொல்லலாம்: அவர் நடத்திய போர்கள் உருளையைப் பரப்பின. பிரஷ்யச் சிறையில் உருளை தின்று பிழைத்த பார்மான்த்தியே அதை பிரான்சில் பிரசாரம் செய்யப் போனதும் ஏழாண்டுப் போரின் விளைவுதான். 1770 முதல் 72 வரை மழையால் தானியம் அழுகிப் பஞ்சம் வந்தபோது, உருளை வைத்திருந்த ஊர்கள் தாக்குப்பிடித்ததை மற்ற ஊர்கள் பார்த்தன. அதைவிடப் பெரிய பிரசாரம் வேறு தேவைப்படவில்லை. 1778ல் பவேரிய வாரிசுரிமைக்காக நடந்த, பெரிய சண்டையே இல்லாத போருக்கு உருளைப் போர் என்றே பெயர்: சிப்பாய்கள் இரை தேடி வயலைத் தோண்டித் திரிந்தார்கள். அதாவது அதற்குள் தோண்டத் தக்க அளவுக்கு வயல்கள் இருந்தன. சிப்பாயும் தோண்டக் கற்றுக்கொண்டுவிட்டான் என்பது மெக்நீலின் வாதத்துக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

இன்னொரு விளக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யா 1807ல் பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக அறிவித்தது. 1811ல் வந்த ஆணைப்படி, குடியானவன் தன் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள அதில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ பண்ணையாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். 1821 முதல் ஊர்ப் பொதுநிலங்களைப் பங்கு பிரித்தார்கள். மந்தையும் தரிசும் மூன்று வயல் ஒழுங்கும் கலைந்தன. உருளைக்கு இருந்த பழைய தடை நீங்கியது. ஆனால் அதே கையோடு, மேய்ச்சல் உரிமையும் துண்டு நிலமும் இழந்த பெருங்கூட்டம் பண்ணையில் கூலியாக நின்றது. கூலியின் ஒரு பகுதி பணமாக அல்ல, உருளை நடச் சிறு துண்டு நிலமாகக் கிடைத்தது. ஒரு குடும்பம் தானியத்தால் வயிறு கழுவ எவ்வளவு நிலம் வேண்டுமோ, அதில் சிறு பங்கு இருந்தால் உருளையால் கழுவலாம். கூலிக்காரனுக்கு அது உயிர். பண்ணையாருக்கு அது மிச்சம். இன்னொரு மிச்சமும் உண்டு. பிராண்டன்பர்க்கின் மணல் பூமியில் உருளை செழித்தது. ஆனால் கனமான கிழங்கை மண் சாலையில் சந்தைக்கு இழுத்துப்போக வண்டிக்கூலி கட்டாது. பண்ணையிலேயே வடிசாலை வைத்துச் சாராயமாக்கினால் எடை சுருங்கும், விலை ஏறும். வடித்த கழிநீர் மாட்டுக்குத் தீனி. மாட்டுச் சாணம் மணலுக்கு எரு. எருவிட்ட மணலில் மறுபடி உருளை. மோக்லினில் மாதிரிப் பண்ணை நடத்திய ஆல்பிரெக்ட் தேயர் பயிர்ச் சுழற்சியில் உருளைக்கு இடம் கொடுத்து எழுதியதைப் பண்ணையார்கள் படித்தார்கள். ஆனால் அவர்களை அசைத்தது இந்தச் சக்கரத்தின் வருமானம். 1876ல் பொதுவுடைமைச் சிந்தனையாளர் எங்கெல்ஸ் பிரஷ்யச் சாராயத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், பிரஷ்ய ஆட்சியைத் தாங்கிய நிலப்பிரபுக்களைத் தாங்கியது உருளைச் சாராயமே என்றார். அவர் அரசியல் தெரிந்ததுதான். ஆனால் 1887 சாராய வரிச் சட்டம் அவரை மெய்ப்பித்ததுபோல் வந்தது. பழைய வடிசாலைகளுக்கு ஒதுக்கிய அளவுக்குள் ஹெக்டோலிட்டருக்கு 20 மார்க் வரி குறைவு. மக்கள் அந்தச் சலுகைக்கு வைத்த பெயர் அன்பளிப்பு.

அந்தச் சட்டத்துக்கு ஓராண்டு முன்னால், 1886ல், மன்னர் இறந்த நூறாவது ஆண்டில், ராபர்ட் வார்ட்முல்லர் ஓர் ஓவியம் தீட்டினார்: வயலில் குனிந்து கிழங்கு எடுக்கும் குடியானவர்களை முதிய பிரெடெரிக் நின்று பார்வையிடுகிறார். எங்கும் இருக்கும் மன்னர் என்று தலைப்பு. இன்று நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் படம் இதுதான். கண்ணால் கண்ட சாட்சி அல்ல, நூறாண்டு கழித்து வந்த நினைவு. ஓவியர் நிலப்பிரபுக்களுக்காக வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உருளையை மன்னரின் கொடையாகக் காட்டும் படம் வரவேற்புப் பெற்ற காலமும், உருளையின் லாபம் கிழக்குப் பண்ணைகளில் சாராயமாக இறங்கிய காலமும் ஒன்றே என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

யார் பரப்பினால் என்ன, யார் சம்பாதித்தால் என்ன, ஏழையின் வயிறு நிறைந்ததல்லவா என்று கேட்கலாம். வலுவான கேள்வி. ஒரு ஏக்கர் உருளை, கோதுமையைப்போல் மூன்று மடங்கு உணவு தரும் என்று ஆடம் ஸ்மித் 1776லேயே கணக்கிட்டார். பொருளியலாளர்கள் நேத்தன் நன், நான்சி சியான் இருவரும் 2011ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1700 முதல் 1900 வரை பழைய உலகில் நடந்த மக்கள்தொகைப் பெருக்கத்தில் ஏறத்தாழக் கால் பங்குக்கு உருளையே காரணம். கோடிக்கணக்கான உயிர் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த உயிர்கள் எதன் மேல் நின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1845ல் உருளைப் பயிரை அழிக்கும் பின்கருகல் நோய் ஐரோப்பா முழுவதும் இறங்கியது. அயர்லாந்தில் நேர்ந்த பெரும் பஞ்சத்தை உலகம் அறியும். ஜெர்மனியில் ரை தானியமும் பக்கத்தில் இருந்ததால் அந்த அளவுக்குச் சாவு இல்லை. 1846ல் ரையும் பொய்த்தது. 1847 ஏப்ரலில் பெர்லின் சந்தைகளில் உருளை விலை கேட்ட பெண்கள் வியாபாரிகளின் கூடைகளைக் கவிழ்த்தார்கள். கலவரம் பரவியது, ராணுவம் வந்துதான் அடக்கியது. அடுத்த குளிர்காலத்தில் மேல் சைலீசியாவில் பசியும் டைபஸ் காய்ச்சலும் சேர்ந்து தாக்கின. நிலைமையை ஆராய அரசு அனுப்பிய 26 வயது மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோ 1848ல் கொடுத்த அறிக்கை, மருந்துப் பட்டியலாக முடியவில்லை. போலிஷ் பேசும் அந்த ஏழைகள் ஆண்டு முழுதும் உருளையையே நம்பி இருந்தார்கள், உருளை போனதும் எல்லாம் போயிற்று, இதற்கு மருந்து கல்வியும் சுதந்திரமும் முழு மக்களாட்சியும் என்று அவர் எழுதினார். 1756ல் காலி இடமெல்லாம் உருளை நடச் சொல்லி மன்னரின் கட்டளை போன மாநிலமும் சைலீசியாதான். கட்டளை நிறைவேறாததால் அவர்கள் சாகவில்லை. மிகையாக நிறைவேறியதால் செத்தார்கள்: காலி இடத்தில் துணைப்பயிராக நட வேண்டியது, வேறு நிலம் இல்லாதவனின் ஒரே பயிராகிவிட்டது. கட்டளை பயிரைப் பற்றிப் பேசியது; நிலம் யாருடையது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உருளையை ஆணையால் ஆள முடியும் என்ற நம்பிக்கை அதோடு போகவில்லை. முதல் உலகப்போரில் கடல் முற்றுகை இறுகியபோது, பன்றிகள் மனிதரின் உருளையைத் தின்கின்றன என்று பேராசிரியர்கள் கணக்குச் சொல்ல, 1915ல் லட்சக்கணக்கில் பன்றிகளை வெட்டினார்கள். இறைச்சி கொஞ்ச நாள் மலிந்தது. பிறகு கொழுப்பும் இல்லை, எருவும் இல்லை. ரொட்டி மாவில் உருளை மாவு கலந்தார்கள். 1916 ஈரமான ஆண்டு, கருகல் நோய் பரவியது. அதைத் தடுக்கும் தாமிர மருந்துக்கான தாமிரம் குண்டுத் தொழிற்சாலைக்குப் போயிருந்தது. வயலுக்கு ஆளும் உரமும் இல்லை. விளைச்சல் முந்தைய ஆண்டில் பாதியாகச் சரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் மாட்டுத் தீனிக்கான டர்னிப் வகைக் கிழங்கைச் சூப்பாகவும் ரொட்டியாகவும் தின்று கழித்தார்கள். இன்றும் டர்னிப் குளிர்காலம் என்றால் ஜெர்மனியில் 1916–17தான்.

இன்று ஜெர்மனியில் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடிப் பத்து லட்சம் டன் உருளை விளைகிறது. பாதியை ஒட்டிய பரப்பு லோயர் சாக்சனி மாநிலத்தில். 1950 வாக்கில் ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிலோ அளவில் தின்றவர்கள் இப்போது 60 கிலோவை ஒட்டித் தின்கிறார்கள்; அதிலும் பாதிக்குமேல் சிப்ஸாகவும் உறைநிலைத் துண்டாகவும். கூலிக்கு நிலத்துண்டு தரும் காலம் போய்விட்டது. ஆனால் பயிர் யாருடையது என்ற கேள்வி வேறு உருவில் திரும்பி வந்தது. 1974ல் பதிவான லிண்டா என்ற மஞ்சள் சதைக் கிழங்கு, சமையலறைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் இனம். 30 ஆண்டுக் காப்புரிமை முடிந்தால் யார் வேண்டுமானாலும் உரிமைத்தொகை இல்லாமல் அதன் விதைக்கிழங்கைப் பெருக்கலாம். அந்தக் காலம் முடியும் 2004ல், இனத்தின் உரிமை வைத்திருந்த நிறுவனம் அதன் பதிவையே திரும்பப் பெற்றது. பதிவில்லாத இனத்தின் விதையை விற்க முடியாது. லூன்பர்க் ஹீத் பக்கத்து விவசாயிகளும் நகரத்து நுகர்வோரும் சேர்ந்து லிண்டாவைக் காப்பாற்றக் கிளம்பினார்கள்; மனுவும் வழக்கும் மறு விண்ணப்பமுமாக ஆண்டுகள் போயின. 2010ல் அது மீண்டும் ஜெர்மன் பதிவேட்டில் ஏறியது. அதுவரை அதைக் கைவிடாமல் நட்டு வைத்திருந்தவர்களிடமிருந்து விதை எடுத்தார்கள்.